ட்ரில்லும் டிகிரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் நேஷனல் கார்டிலோ (மாநிலத்தோடு சேர்ந்த பகுதிநேரப் படை) ரிசர்விலோ (ஃபெடரல், அதாவது மத்திய அரசின் பகுதிநேரப் படை) இருந்துகொண்டே கல்லூரியில் படிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். நானும் அப்படிப் படித்தவன்தான். இப்போது அப்படிப் படிக்கும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை.

“மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்தால் போதும்” என்று ஆள் சேர்க்கும் அதிகாரி சொல்கிறார். மகன் இந்த வருடம் பொறியியல் சேரப் போகிறான். கையெழுத்துப் போடலாமா? (ஒரு அம்மா, டெக்சாஸ்)

அவர் சொல்வது பொய்யில்லை அம்மா. மாதம் ஒரு வார இறுதி ட்ரில் (யூனிட்டில் கூடிச் செய்யும் படைப் பயிற்சி), வருடத்தில் ஏறக்குறைய இரண்டு வாரப் பயிற்சி என்பதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கணக்கு ஆரம்பப் பயிற்சி முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆர்மியில் அடிப்படைப் பயிற்சிக்கே 10 வாரம். அதன்பின் அவன் எடுக்கும் வேலைக்கான பயிற்சி. அது சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். எனவே போனஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பயிற்சி எத்தனை வாரம், எந்தத் தேதியில் தொடங்கும் என்று கேளுங்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது அவன் பயிற்சியில் இருந்தால் ஒரு செமஸ்டராவது தள்ளிப்போகும்.

இன்னொன்று. முதல்முறை சேருபவருக்கு மொத்தக் கடமை 8 வருடம். ஆறு வருடம் ட்ரில் என்று எழுதியிருந்தால், மீதி இரண்டு வருடமும் பட்டியலில் பெயர் இருக்கும், தேவைப்பட்டால் அழைக்கலாம். வாயால் சொன்னது எதுவும் செல்லாது. தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த மாத ட்ரில்லுக்கு வெள்ளிக்கிழமையே வரச் சொல்கிறார்கள். அன்றுதான் கெமிஸ்ட்ரி லேப் தேர்வு. பேராசிரியர் எனக்கு வேறு தேதி தந்தே ஆக வேண்டும் அல்லவா? (மாணவர், நியூ ஜெர்சி)

இல்லை தம்பி. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். யுசெரா (படைப் பணிக்குப் போகிறவர்களின் வேலையைக் காக்கும் ஃபெடரல் சட்டம்) உன் வேலைக்குத்தான் பாதுகாப்பு, வகுப்புக்கு இல்லை. வார இறுதி ட்ரில்லுக்காக மறுதேர்வு வைத்தே ஆக வேண்டும் என்று பேராசிரியரைக் கட்டாயப்படுத்தும் பொதுவான ஃபெடரல் சட்டம் கிடையாது. சில மாநிலங்களும் பல கல்லூரிகளும் தனியாக விதி வைத்திருக்கின்றன. உன் கல்லூரியின் விதியை இன்றே தேடிப் படி.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, ட்ரில் இருப்பதை முந்தின நாள் மாலைதான் பேராசிரியரிடம் சொன்னேன். அந்த மிட்டெர்முக்குப் பூஜ்யம். அவர்மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. ட்ரில் தேதி பல மாதங்களாக என் கையில் இருந்தது. யூனிட் பெரும்பாலும் முழு வருட அட்டவணையையும் முன்கூட்டியே தந்துவிடும். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே அதைச் சிலபஸ் பக்கத்தில் வைத்துப் பார். மோதும் தேதிகளை எல்லாம் ஒரே மின்னஞ்சலில், யூனிட் கடிதத்தோடு பேராசிரியருக்கு அனுப்பு. கூடவே உன் சார்ஜென்டிடமும் பேசு. வேறொரு நாளில் வந்து ஈடுகட்ட அனுமதிப்பது கமாண்டர் கையில் இருக்கிறது. முன்பே கேட்டவனுக்கு அது கிடைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செமஸ்டர் நடுவில் டிப்ளாய்மென்ட் (பணிக்காக வேறிடம் அனுப்புவது) வந்தால் படிப்பு போய்விடுமா? (மாணவி, வர்ஜீனியா)

போகாது. 2008-இல் வந்த உயர்கல்விச் சட்டம் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஃபெடரல் ஆணையில் பணிக்குப் போனால், ஃபெடரல் கல்வி உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரி உங்களை அதே நிலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். பணிக்காக விலகியிருந்த காலம் மொத்தம் 5 வருடத்தைத் தாண்டக் கூடாது. பணி முடிந்து 3 வருடத்துக்குள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட வேண்டும். புயல், வெள்ளத்துக்காக ஆளுநர் மாநில ஆணையில் கூப்பிட்டால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் ஆணை கைக்கு வந்ததும் அது எந்த அதிகாரத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

பாடம் பெரும்பாலும் முடிந்திருந்தால் ‘இன்கம்ப்ளீட்’ (மீதியைப் பிறகு முடிக்கும் அனுமதி) கேளுங்கள். பாதிகூட ஆகவில்லை என்றால் முறைப்படி விலகுவதே மேல். எதுவும் சொல்லாமல் போய்விடாதீர்கள், எல்லாப் பாடத்திலும் எஃப் விழும். ஜி.ஐ. பில்லில் (படையில் பணி செய்பவர்களுக்கான கல்வி உதவித் திட்டம்) படிக்கிறவர்கள் கல்லூரியில் அதைக் கவனிக்கும் அலுவலரிடம் ஆணையின் நகலைக் கொடுத்துவிட்டுப் போங்கள். முடிக்க முடியாமல் போன பாடத்துக்குச் செலவான மாதங்களை மீட்டுத் தர வழி இருக்கிறது.

கார்டா, ரிசர்வா? படிப்புச் செலவுக்கு எது நல்லது? (மாணவர், இல்லினாய்)

இரண்டிலும் ஆறு வருட ஒப்பந்தத்துக்கு ரிசர்வ் ஜி.ஐ. பில் உண்டு, 36 மாதம் வரை. கார்ட் மாநிலத்தோடு சேர்ந்தது என்பதால் பல மாநிலங்கள் தங்கள் அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில முழுதாகவே தள்ளுபடி செய்கின்றன. சொந்த மாநிலத்தில் படிப்பதாக இருந்தால் நான் கார்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ‘9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்’ ட்ரில்லுக்கு மட்டும் போனால் கிடைக்காது. அதற்குக் குறைந்தது 90 நாள் முழுநேரப் பணி வேண்டும், முழுப் பயனுக்கு 36 மாதப் பணி.

எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்கிறேன். சேரலாமா? (மாணவர், அரிசோனா)

முடியாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ‘மாவ்னி’ என்று ஒரு திட்டம் இருந்தது. மொழித் திறமைக்காக விசாவில் இருந்தவர்களையும் சேர்த்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அது நின்றுபோனது. இப்போதும் திறந்திருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.