ரொறன்ரோவில் பழைய வீடு, கைக்குழந்தை, பைப் தண்ணீர்

தங்கச்சி, ரொறன்ரோவுக்கு வந்து மூன்று கிழமை, பழைய வீடொன்றின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறோம், நாலு மாதப் பிள்ளைக்குப் பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால்மா கரைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நகரம் அனுப்புகிற தண்ணீர் நல்ல தண்ணீர். ஒன்ராறியோ ஏரியில் எடுத்து, வடிகட்டி, குளோரின் போட்டுத்தான் விடுகிறார்கள். 2000 மே மாதம் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்டன் என்ற சிற்றூரில் மாட்டெரு கலந்த மழைநீர் கிணற்றில் இறங்கி, குளோரினும் போதாமல், 7 பேர் இறந்தார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2002இல் இந்த மாகாணம் குடிநீருக்கென்றே சட்டம் போட்டது.

ஆனால் ‘பழைய வீடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் யோசனை. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளுக்குத் தெருவிலிருந்து வரும் குழாய் ஈயமாக இருக்கக்கூடும். இரவு முழுக்க அதற்குள் நிற்கிற தண்ணீரில் ஈயம் கரையும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஊரில் அம்மா கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சின பழக்கத்தில் எங்கள் மூத்தவளுக்கு நானும் கேத்திலைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த வீட்டுக் குழாய் என்ன குழாய் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

பேஸ்மென்ற்றில் இருப்பதால் உங்களுக்குப் பார்ப்பது சுகம். தண்ணீர் மீற்றருக்கு வருகிற குழாயைத் திறப்பு நுனியால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு என்றால் நிறமே காட்டிவிடும். மங்கின சாம்பல் நிறமாக இருந்து, சுரண்டிய இடம் வெள்ளிபோல மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். பிறகு நகரத்தின் உதவி எண்ணான 311க்கு அடித்து ஈயப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். கனடாவில் அனுமதித்த உச்ச அளவு லீற்றருக்கு 5 மைக்ரோகிராம்.

முடிவு வரும்வரை காலையில் குளிர்த் தண்ணீரை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிடியுங்கள். எல்லோரும் குளித்த பிறகு பிடித்தால் தண்ணீர் வீணாகாது. சுடுதண்ணீர்ப் பைப்பில் சமையலுக்கோ பிள்ளைக்கோ பிடிக்கவே வேண்டாம், சூட்டில் ஈயம் இன்னும் கூடுதலாகக் கரையும். பிள்ளையின் பாலுக்கு ஓடவிட்டது மட்டும் போதாது. என்எஸ்எஃப் 53 (வடிகட்டிகளுக்கான ஒரு தரச்சான்று) என்றும், ஈயத்தை அகற்றும் என்றும் பெட்டியில் போட்டிருக்கிற வடிகட்டி வாங்கி, முதலில் வடிகட்டி, அப்புறம் கொதிக்கவையுங்கள்.

வாசலுக்கு வந்தவர் தண்ணீருக்குள் இரண்டு கம்பியை விட்டு, அது மண்ணிறமாவதைக் காட்டிப் பயப்படுத்தினார் என்றும் எழுதியிருந்தீர்கள். அது தண்ணீரின் அழுக்கில்லை. மின்சாரம் ஓட, கம்பியின் இரும்பு கரைந்து வந்த கறள். கூப்பிடாமல் வீடு தேடி வந்து தண்ணீர் வடிகட்டிக்கு ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில் தடை. அவருக்குக் கையெழுத்து ஏதும் வைத்தீர்களா? வைத்திருந்தால் இன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்.