முகப்பை விடுங்கள், பொத்தானைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வசிக்கிறேன். நண்பரின் பண்ணை வயலில், அவருடைய எழுத்துபூர்வமான அனுமதியுடன், மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடியதில் சில பழைய பொத்தான்கள் கிடைத்தன. ஒன்று 25 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைப் பொத்தான். முகப்பு வெறுமையாக இருக்கிறது, பின்பக்கம் ‘ட்ரெபிள் கில்ட்’ (மும்மடங்குப் பொன்முலாம்) என்ற எழுத்துகள் தெரிகின்றன. இன்னொன்றில் சிங்கமும் யூனிகார்னும் தாங்கிய அரச சின்னம் உள்ளது. முதலாவது வாட்டர்லூ போரில் பங்கேற்ற அதிகாரியின் தங்கப் பொத்தான் என்று ஒரு பழம்பொருள் வியாபாரி சொல்கிறார். கட்டணம் கொடுத்தால் சுத்தம் செய்து, வயதுச் சான்றிதழும் தருவாராம். நம்பலாமா? கிரீடமும் இரண்டு இதயங்களும் பொறித்த, வெள்ளி போன்ற சிறு பொத்தான் ஒன்றும் கிடைத்தது; அது ஏதோ அலங்காரப் பொருள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பதில்: நம்ப வேண்டாம். அந்தத் தட்டைப் பொத்தான் ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமை உடையதாக இருக்கலாம். ஆனால் அது தங்கமும் அன்று, அதிகாரியுடையது என்பதற்குச் சான்றும் இல்லை. அந்தக் காலத்துப் படை அதிகாரியின் பொத்தானில் படைப்பிரிவின் எண்ணோ சின்னமோ முகப்பில் இருந்திருக்கும். முகப்பு வெறுமையாக இருப்பதால், வசதியுள்ள குடியானவரோ கடைக்காரரோ ஞாயிற்றுக்கிழமை அணிந்த கோட்டிலிருந்து அறுந்து விழுந்தது என்று கொள்வதே பொருத்தம்.

பொத்தானின் வயதை அதன் முதுகுதான் சொல்லும். உங்கள் பொத்தானை மேசையில் கவிழ்த்து வைத்து, அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கை ஏறக்குறைய மேசை மட்டத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்துகள் நிழலோடு எழுந்து வரும். நடுவில் கம்பி வளையம் பற்றவைக்கப்பட்டிருந்து, அதைச் சுற்றி முலாமின் தரத்தைப் புகழும் சொற்கள் வட்டமாக ஓடினால், அது பெரும்பாலும் 1800-க்கும் 1850-க்கும் இடைப்பட்டது. தரமற்ற முலாமைத் தங்கம் என்று விற்று ஏமாற்றியவர்களைத் தடுக்க, 1796-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உலோகப் பொத்தான்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஓர் அங்குல அகலமுள்ள 144 பொத்தான்களுக்குக் குறைந்தது 5 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்) தங்கம் பூசியிருந்தால்தான் ‘கில்ட்’ என்று பொறிக்கலாம். ‘ட்ரெபிள்’ என்பதற்காக அதை மூன்று மடங்காக்கினாலும், ஒரு பொத்தானுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான் தேறும். வியாபாரி சொல்லும் தங்கம் இவ்வளவுதான்.

அரச சின்னம் உள்ள பொத்தானையும் வாட்டர்லூவோடு சேர்த்துத்தான் விற்பார்கள். இது எனக்குச் சலித்துப்போன வித்தை. பிரிட்டிஷ் காலாட்படைப் பொத்தான்களில் படைப்பிரிவு எண் பொறிக்க வேண்டும் என்ற ஆணை 1767-இல் வந்தது. சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணுக்குப் பதிலாக அரச சின்னம் தாங்கிய பொதுப் பொத்தான் 1871-இல் வந்தது. வாட்டர்லூ போர் 1815-இல் நடந்தது. ஆகவே உங்களுடையது அத்தகைய சிப்பாய்ப் பொத்தானாக இருந்தால், அந்தப் போர்க்களத்தைப் பார்த்திருக்க வழியில்லை. சின்னத்தின் மேலுள்ள கிரீடத்தைக் கவனியுங்கள்: வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கினால் 1953-க்குப் பிந்தைய எலிசபெத் காலத்தது, உருண்டு எழுந்தால் பெரும்பாலும் 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. பின்பக்கம் ‘ஜே. ஆர். கான்ட் அண்ட் சன்’ என்றோ வேறு பர்மிங்ஹாம் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், இரு உலகப் போர்க் காலங்களில் இலட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியவற்றில் ஒன்றாகவே அது இருக்கும்.

சுத்தம் செய்யும் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பழக்கத்தில், பித்தளை என்று கண்டதும் புளியையோ எலுமிச்சையையோ எடுத்துவிடாதீர்கள். அக்காலத்துப் பொன்முலாம் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசி, பாதரசம் ஆவியாகும்வரை சுட்டுப் படியவைத்தது. அந்தப் புகையை மூச்சிழுத்து நோயுற்ற தொழிலாளர்கள் பலர். மண்ணில் கிடந்து அரித்த பித்தளையின் மேல் அந்த மெல்லிய படலம் பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொடக்க காலத்தில் நானும் ஒரு பொத்தானை இரவு முழுவதும் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். காலையில் விரலால் தேய்த்தபோது முலாம் செதில் செதிலாகக் கையோடு வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு சிவந்த தகடு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மரப் பல்குச்சியால் மண்ணை மட்டும் நீக்கி, நிழலில் உலர்த்துங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கட்டணம் வாங்கிச் செய்பவர்களும் பெரும்பாலும் அமிலத்தில்தான் முக்குகிறார்கள். அவர்கள் தரும் சான்றிதழ் கணினியில் அச்சிட்ட காகிதம்; அதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

இனி, அலங்காரப் பொருள் என்று நீங்கள் ஒதுக்கிய அந்தச் சிறு பொத்தானுக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் சட்டம் கவனிக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான். கிரீடத்தின் கீழ் இரண்டு இதயங்கள் என்பது, 1662-இல் மன்னர் இரண்டாம் சார்லசும் போர்ச்சுகலின் கேத்தரினும் செய்துகொண்ட திருமணத்தை ஒட்டிப் பரவிய வடிவம். சட்டைக் கையின் இரு ஓரங்களையும் இணைக்கச் சிறு கண்ணியால் கோத்த இரட்டைப் பொத்தான்களில் இது அடிக்கடி கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது அதில் ஒரு பாதியாக இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும் எடையில் குறைந்தது 10 விழுக்காடு தங்கமோ வெள்ளியோ கொண்டதாகவும் உள்ள பொருள் புதையலாகும், அது நகக்கண் அளவாக இருந்தாலும் சரி. அப்படி இருக்கலாம் என்று கருதக் காரணம் கிடைத்த 14 நாள்களுக்குள், கண்டெடுத்தது புதையலா என்று விசாரித்து முடிவு செய்யும் அதிகாரியான கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். இதே வடிவம் செம்புக் கலவையிலும் உண்டு. அது புதையல் ஆகாது. ஆனால் எது என்று அறிய நீங்களே அரம் வைத்து உரசக் கூடாது. தர முத்திரை இல்லையே, ஆகவே வெள்ளி அன்று என்று தள்ளிவிடவும் கூடாது. இத்தகைய சிறு பொருள்கள் பலவற்றில் அந்த முத்திரை இருப்பதில்லை. பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்பவரான உங்கள் பகுதியின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலருக்கு இன்றே படத்துடன் எழுதுங்கள். கரோனருக்கான அறிவிப்பை அவர் வழியாகவே செய்யலாம். ‘சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும், சத்தமில்லாமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று வியாபாரி சொல்லக்கூடும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் நில உரிமையாளருக்கும் வெகுமதி உண்டு. எவருக்கும் வேண்டாமென்றால் பொருள் திரும்பி வரும்.

எப்போது திரும்பி வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு முழு ஆண்டைத் தாண்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஓர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்குச் சேர்த்து ஒரே வரியில் பதில் வந்தது. மற்ற பொத்தான்களைப் பதிவு செய்யவும் இந்த அலுவலர்கள் ஆர்வம் காட்ட மாட்டார்கள். பெரும்பாலும் 300 ஆண்டுக்கு மேற்பட்டவைதான் அவர்கள் பதிவேட்டில் ஏறும். இதனால் பிற்காலத்து உழவர் வாழ்க்கையின் தடயங்கள் ஆயிரக்கணக்கில் பிஸ்கட் டப்பாக்களில் முகவரியின்றிக் கிடக்கின்றன. ஆகவே அந்த வேலையை நீங்களே செய்யுங்கள்: ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனிச் சிறு உறையில் இட்டு, வயலின் பெயர், கிடைத்த நாள், கைப்பேசி காட்டும் ஆயத்தொலைவுகள், எத்தனை அங்குல ஆழம் என்பவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.