ஆங்கிலச் சொல் ஐயங்கள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ‘உங்கள் அட்வைஸுக்கு நன்றி’ என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அந்தச் சொல்லில் நான் போட்ட ‘எஸ்’ எழுத்தை மேலாளர் அடித்துவிட்டு ‘சி’ என்று திருத்தினார். அடுத்த கடிதத்தில் ‘எனக்கு அட்வைஸ் செய்யுங்கள்’ என்று எழுதும்போது கவனமாகச் ‘சி’ போட்டேன். அதை ‘எஸ்’ என்று திருத்தினார். எதுதான் சரி?

பதில்: இரண்டு திருத்தங்களும் சரி. அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்குச் ‘சி’, அறிவுரை கூறு என்ற வினைச்சொல்லுக்கு ‘எஸ்’. தமிழில் இரண்டையும் ‘அட்வைஸ்’ என்றே எழுதுவதால் ஒலியும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறோம். ஒன்றல்ல. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் சொல்வதுபோல் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். வினைச்சொல்லின் கடைசி ஒலியில் தொண்டை அதிரும், பெயர்ச்சொல்லில் அதிராது.

இந்தச் சோதனை வேறு இடங்களிலும் உதவும். ‘லூஸ்’ என்று நாம் எழுதும் இரண்டு சொற்களில், தளர்வானது என்ற பொருளுடையதற்கு இரண்டு ‘ஓ’. அதைச் சொல்லும்போது அதிர்வு இல்லை. இழப்பது, தோற்பது என்ற வினைக்கு ஒரே ‘ஓ’, அது அதிரும். போட்டியில் தோற்பதற்கு இரண்டு ‘ஓ’ போட்ட கடிதங்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டிலும் இந்த வழி செல்லாது. பெயரும் வினையும் ஒரே மாதிரி ஒலிக்கும். அங்கே அட்வைஸைத் துணைக்கு அழையுங்கள். பிரிட்டிஷ் முறையில் இவற்றுக்கும் அதே விதிதான்: பெயர் என்றால் கடைசி ‘ஈ’க்கு முன்னால் ‘சி’, வினை என்றால் ‘எஸ்’. அமெரிக்கர்கள் லைசென்ஸை எப்போதும் ‘எஸ்’ போட்டும், பிராக்டிஸை எப்போதும் ‘சி’ போட்டும் எழுதுகிறார்கள். அட்வைஸில் மட்டும் இரு நாட்டாருக்கும் வேறுபாடு இல்லை.

இன்னொன்று: பல அறிவுரைகள் கிடைத்தாலும் அந்தப் பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பன்மை கிடையாது. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவையும் அப்படியே.

கேள்வி: கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லின் நடுவே ‘பி’ எதற்கு என்று என் மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். ‘கேள்வி கேட்காதே, மனப்பாடம் செய்’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். உண்மையில் காரணம் உண்டா?

பதில்: உண்டு. அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவள் கேட்டது அருமையான கேள்வி. ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து வாங்கியபோது அதில் ‘பி’ இல்லை. ஒலிப்பதைப் போலவே எழுதினார்கள். பிற்காலத்தில் லத்தீன் கற்ற அறிஞர்கள், இதன் மூலச்சொல் ‘டெபிட்டும்’ என்ற லத்தீன் சொல் என்பதைக் காட்டுவதற்காக, ஏ, பி, சி வரிசையில் இரண்டாவதாக வரும் அந்தப் ‘பி’யை உள்ளே வைத்தார்கள். எழுத்து மாறியது, நாக்கு மாறவில்லை. ஐயம் என்று பொருள்படும் ‘டவுட்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். வங்கிக் கணக்கில் வரும் ‘டெபிட்’ இந்தக் குடும்பத்துச் சொல் என்று மகளிடம் சொல்லுங்கள். அதில் ‘பி’ காதிலேயே விழுகிறது. இனி அவள் மறக்கமாட்டாள்.

அறிஞர்கள் தவறியதும் உண்டு. தீவு என்று பொருள்படும் ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். அதில் ‘எஸ்’ இருந்ததே இல்லை. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதற்குள் ‘எஸ்’ஸை நுழைத்துவிட்டார்கள். இன்றுவரை எல்லோரும் அதைச் சுமக்கிறோம்.

எல்லா மௌன எழுத்துகளும் இப்படி வெளியிலிருந்து வந்தவை அல்ல. முழங்காலைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் உள்ள ‘கே’ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல மெல்ல இறுகியது. ஆனால் அதே நூற்றாண்டுகளில் பேச்சொலி மாறிக்கொண்டே போயிற்று. நாம் எழுதுவது பழைய உச்சரிப்பை, பேசுவது புதியதை. எழுத்துப்பிழையை அறிவுக்குறைவு என்று ஏளனம் செய்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ வேறுபாட்டை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறேன்.

பதில்: பாதிப்பது, அதாவது வினை, ‘ஏ’யில் தொடங்கும். விளைவு, அதாவது பெயர், ‘ஈ’யில் தொடங்கும். முன்னால் ‘தி’ அல்லது ‘ஆன்’ சேர்க்க முடிந்தால் பெரும்பாலும் ‘ஈ’தான். ஒரு விலக்கை மட்டும் அறிந்திருங்கள்: ‘ஈ’யில் தொடங்கும் சொல் வினையாக வந்தால் ‘நிகழச் செய்’ என்று பொருள். மாற்றத்தைக் கொண்டுவருவதற்கு ‘ஈ’. ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தைப் பாதிப்பதற்கு ‘ஏ’.

கேள்வி: பிரின்ஸிபல் என்ற சொல் ‘ஏ, எல்’ என்றும் முடிகிறது, ‘எல், ஈ’ என்றும் முடிகிறது. கல்லூரி முதல்வருக்கு எது?

பதில்: ‘ஏ, எல்’. இதற்குத் தமிழே வழி காட்டுகிறது. கல்லூரியின் முதல்வர், வட்டி நீங்கலான முதல், முதன்மையான காரணம் என்று ‘முதல்’ வரும் இடங்களில் எல்லாம் ‘ஏ, எல்’. கொள்கை, நெறி, அறிவியல் தத்துவம் என்றால் ‘எல், ஈ’. அது பெயர்ச்சொல் மட்டுமே.

கேள்வி: ‘இட்ஸ்’ என்பதில் ‘எஸ்’ஸுக்கு முன்னால் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) எப்போது வரும்?

பதில்: ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டும். ‘அதனுடைய’ என்ற பொருளில் வராது. ‘ஹிஸ்’ என்ற சொல்லுக்கு நாம் மேற்குறி போடுவதில்லையே.

கேள்வி: ‘அக்காமடேஷன்’ என்ற சொல்லில் எத்தனை ‘சி’, எத்தனை ‘எம்’?

பதில்: இரண்டு ‘சி’, இரண்டு ‘எம்’. லத்தீனில் இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்து ஒட்டிய சொல் இது. ஒவ்வோர் ஒட்டிலும் ஓர் எழுத்து இரட்டித்தது. ‘ரெக்கமெண்ட்’ என்பதில் முதல் ஒட்டு வேறு. அதனால் ஒரே ‘சி’, ஆனால் இரண்டு ‘எம்’. தமிழில் ‘க்க’ என்று எழுதுவதை நம்பி ‘சி’யை இரட்டிக்காதீர்கள்.

கேள்வி: கணினி பிழையின் கீழே சிவப்புக் கோடு போடுகிறதே, இதையெல்லாம் படிக்க வேண்டுமா?

பதில்: மெய்ப்புத் திருத்துவதே என் தொழில், அந்தக் கோட்டை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அகராதியில் இல்லாத சொல்லைத்தான் அது உறுதியாகப் பிடிக்கும். மேனேஜர் என்ற சொல்லில் இரண்டாவது ‘ஏ’ விடுபட்டால் மாடுகளுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்று பொருள்படும் வேறொரு சொல் கிடைக்கும். அது சரியான சொல்லாகவே நிற்பதால் கோடு விழாமல் போகலாம். விண்ணப்பத்தில் சிவப்புக் கோடே இல்லை என்று நம்பி ஒருவர் அதை அனுப்பிவிடுவார். சிறிய சொற்களின் எழுத்துகள் இடம் மாறினாலும் இப்படியே தப்பித்துவிடும்.

முக்கியமான கடிதம் என்றால் தாளில் அச்சிட்டு, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் படியுங்கள். பொருள் இழுத்துக்கொண்டு போகாததால் கண் எழுத்தில் நிற்கும். அதன்பின் முன்னிருந்து ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். இடம் தவறிய சொற்கள் அப்போது சிக்கும். தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே கணினியில் பிரிட்டிஷ் ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். ‘கலர்’ என்ற சொல்லில் ‘யு’ வேண்டாம் என்ற முறை அமெரிக்காவில் நிலைபெற நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி உதவியது. அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், நீங்கள் பிரிட்டிஷ் முறைப்படி சரியாகப் போட்ட ‘யு’வுக்கும் சிவப்புக் கோடு விழும்.