அச்சிட்ட ஃபீடரில் தோட்டா ரீலோட் செய்யலாமா?

கேள்வி: அரிசோனாவில் வசிக்கிறேன். கிளப் போட்டிகளுக்கான 9 எம்எம் தோட்டாக்களை டில்லன் எக்ஸ்எல் 750 பிரஸ்ஸில் (தோட்டாவைப் படிப்படியாகக் கட்டும் இயந்திரம்) நானே ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட காலிக் கூடுகளை மீண்டும் நிரப்புகிறேன். கடையில் விற்கும் புல்லட் ஃபீடரின் (புல்லட்டை, அதாவது தோட்டாவின் முனைக் குண்டை, ஒவ்வொன்றாக பிரஸ்ஸுக்கு ஊட்டும் கருவி) விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 3டி பிரிண்டரில் அச்சிட்டுப் பயன்படுத்தலாமா? பிரைமருக்கும் (அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அப்படியே செய்துகொள்ளலாமா?

பதில்: புல்லட்டுக்கும் காலிக் கூட்டுக்கும் தாராளமாகச் செய்யலாம். பிரைமருக்கு வேண்டாம்.

புல்லட்டும் காலிக் கூடும் வெறும் உலோகம். ஃபீடரில் சிக்கினால் பிரஸ் நிற்கும், எடுத்துவிட்டுத் தொடரலாம். பிரைமர் அப்படியல்ல. அதில் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் கலந்த வெடிகலவை. அடி, உராய்வு, நிலைமின்சாரம் மூன்றுமே அதற்கு ஆகாது. குழாயில் வரிசையாக நிற்கும்போது ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம். அதனால்தான் டில்லன் பிரஸ்ஸில் பிரைமர் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் இருக்கிறது. அச்சிட்ட பிளாஸ்டிக் அந்தக் கவசத்துக்கு ஈடாகாது. போதாக்குறைக்கு நிலைமின்சாரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிரைமரை மட்டும் தயாரிப்பாளர் கொடுத்த குழாயிலேயே, கையால் நிரப்புங்கள்.

அச்சிட பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம். சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே அது இளகத் தொடங்கும், திருகை இறுக்கிய இடத்தில் நாளடைவில் தளர்ந்தும் போகும். அரிசோனா கோடையில், அதுவும் கேரேஜில், அதை நம்ப முடியாது. பெட்ஜி என்ற வேறு பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். 9 எம்எம் புல்லட்டின் விட்டம் சுமார் 9.02 மில்லிமீட்டர். அச்சில் துளைகள் வரைபடத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் சிறியதாகவே விழும் என்பதால், முழு ஃபீடரையும் அடிக்கும் முன் அந்தத் துளையை மட்டும் தனியாக அச்சிட்டுப் பாருங்கள். உள்பக்க வரிகளைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இல்லையென்றால் மேற்பூச்சு கொடுத்த புல்லட்டின் பூச்சு உரிந்துவிடும்.

கூடு ஃபீடரில் கொட்டும் முன் .380 (சற்றுச் சிறிய தோட்டா வகை) கூடுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். 9 எம்எம் கூட்டின் நீளம் 19.15 மில்லிமீட்டர், .380 சுமார் 17.3. ஃபீடர் இரண்டையும் ஒன்றாகவே தள்ளும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. இப்போது புல்லட்டைக் கையால் வைக்கும்போது, உங்களை அறியாமலே கூட்டுக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள். ஃபீடர் வந்ததும் அந்தப் பார்வை போய்விடும். வேகமாக எரியும் பிஸ்டல் வெடிமருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாது. இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடலாம், சுட்டால் துப்பாக்கியே சிதறக்கூடும். மருந்தே விழாவிட்டால் பிரைமரின் உந்துதலில் மட்டும் புல்லட் நகர்ந்து குழலில் சிக்கி நிற்கும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் வெடிக்கக்கூடும்.

உங்கள் பிரஸ்ஸில் கூடு ஒவ்வொரு படியாக நகர்ந்து செல்லும் ஐந்து இடங்கள் இருக்கின்றன. புல்லட் ஃபீடருக்கு இடம் தேடும்போது பலர் முதலில் கழற்றுவது கூட்டில் விழுந்த மருந்தின் அளவைப் பார்க்கும் மூன்றாம் இடத்து மருந்துச் சோதனைக் கருவியைத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்றில் சோதனை அப்படியே இருக்கட்டும். நான்கில் புல்லட் ஃபீடரை வையுங்கள். ஐந்தாம் இடத்தில் புல்லட்டை அழுத்துவதையும் கிரிம்ப் செய்வதையும் (கூட்டின் வாயை இறுக்குவது) ஒரே டை (பிரஸ்ஸில் மாட்டும் உலோகக் கருவி) பார்த்துக்கொள்ளும். அந்த டையைச் சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். டில்லனின் சோதனைக் கருவி ஒலி எழுப்பி எச்சரிக்கும். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் லாக்-அவுட் டை, மருந்து அளவு தவறினால் பிரஸ்ஸையே நிறுத்திவிடும். சத்தமான கேரேஜுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். கூட்டுக்குள் வெளிச்சம் விழ ஒரு சிறிய எல்இடி விளக்கும் மாட்டுங்கள்.

சட்ட விஷயம்: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்யக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதானால் தேவை. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதை முயல வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

ஃபீடரை மாட்டியதும் முதல் ஓட்டத்தை மருந்தும் பிரைமரும் இல்லாமல், காலிக் கூடும் புல்லட்டும் மட்டும் வைத்து ஓட்டுங்கள். எத்தனை புல்லட் தலைகீழாக இறங்குகின்றன, எங்கே சிக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரு முழுக் கொள்ளளவு தடையில்லாமல் இறங்கிய பிறகு பிரைமர் குழாயை நிரப்புங்கள்.