அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி, எலும்பு, ஞாபகசக்தி எல்லாம் போய்விடுமா?

கேள்வியில் பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் அவற்றைச் சாப்பிட்டுவிட்டு, மருத்துவர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வந்தவன் நான். மருத்துவன் இல்லை.

நீங்கள் பயப்படும் மூன்றுக்கும் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் நிறையப் பேரைப் பிடித்துக்கொள்கிறது: நிறுத்தியவுடன் வரும் எரிச்சல்.

இரைப்பைச் சுவர் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. மாத்திரை ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பில் ஒட்டிவிட்டால் அந்த பம்பு அவ்வளவுதான். உடல் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். (சாப்பிடும்போதுதான் பம்புகள் அதிகம் ஓடும்; சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வது இதற்காகத்தான். சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) அமிலம் குறைந்ததைக் கண்ட உடல், காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அமிலத்தைத் தூண்டும் செல்கள் நாளடைவில் பெருகுகின்றன. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடும் வரை இது வெளியே தெரியாது. சட்டென்று நிறுத்தினால், முன்பு இருந்ததைவிட அதிகமாகச் சுரக்கும்.

டென்மார்க்கில் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 வாரம் இதே வகை மாத்திரையான எசோமெப்ரசோல், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. நிறுத்திய பிறகு, மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களித்தல் போன்ற தொல்லைகள் வந்தன; மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். நன்றாக இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஏற்கெனவே புளித்த ஏப்பத்தோடு இருப்பவர், "பார், மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று முடிவு கட்டுவதில் ஆச்சரியம் இல்லை. சில வாரக் கூத்து இது என்று முன்கூட்டியே தெரிந்தால் பலர் தாண்டிவிடுவார்கள். எனக்கு முதலில் டோஸைப் பாதியாக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, இடையில் எரிந்தால் மட்டும் ஆன்டாசிட் சிரப் என்று கொண்டுபோனார்கள். சுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் தாங்கக்கூடியதுதான்.

சரி, கிட்னி, எலும்பு, மறதி. இந்தச் செய்திகள் பெரும்பாலும், மருந்து எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் பதிவேடுகளில் ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. அங்கே ஒரு சிக்கல் உண்டு: இந்த மாத்திரையை அதிகம் சாப்பிடுபவர்கள் பொதுவாகவே வயதானவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள். 2019இல் வெளியான காம்பஸ் ஆய்வில், ரத்தக்குழாய் நோய் உள்ள 17,500க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பான்டப்ரசோல் 40 மில்லிகிராம் கொடுத்து சுமார் 3 வருடம் கவனித்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான்: 1 சதவீதத்துக்கு எதிராக 1.4 சதவீதம். எலும்பு முறிவு, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, மறதி நோய் இவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 3 வருடக் கணக்கை வைத்து 15 வருடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்பதும் உண்மைதான். அதோடு, அரிதாகச் சிலருக்கு இந்த மருந்தால் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வருவது உறுதியான விஷயம்.

நான் கவலைப்படுவது வைட்டமின் பி12, மெக்னீசியம் இரண்டையும் பற்றித்தான். உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். 2 வருடத்துக்கு மேல் மாத்திரை எடுப்பவர், அதிலும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சேர்த்து எடுப்பவர், பாதம் மரத்துப்போகிறது, ஓயாத அசதி என்றால் பி12 பார்த்துவிடுவது நல்லது. மெக்னீசியம் குறைவது அபூர்வம், ஆனால் குறைந்தால் தசைப்பிடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பு தடுமாறுவது வரை போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. சிலருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறாமல், இந்த மாத்திரையை நிறுத்திய பிறகுதான் சரியானது. சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்தும் உடலில் சேர்வதை அசிடிட்டி மாத்திரை குறைக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் க்ளோபிடோக்ரல் எடுப்பவர்கள் ஒமிப்ரசோல், எசோமெப்ரசோலைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உணவுக்குழாயில் கடுமையான புண், பாரெட் மாற்றம் (நாள்பட்ட அமிலத்தால் உணவுக்குழாயின் உட்சுவர் செல்கள் மாறிப்போவது), ரத்தக்கசிவு அல்சர் வந்த வரலாறு, அல்லது ரத்தக்கசிவு அபாயத்தோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுக்கவேண்டிய நிலை இருந்தால், நிறுத்துவதுதான் ஆபத்து. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "இதை எதற்காக ஆரம்பித்தோம், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். விழுங்கச் சிரமம், கருப்பாக மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது ஏதாவது இருந்தால் மட்டும் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.