கிட்டாரில் விரல் எட்டவில்லையே, என்ன செய்வது?

நாலு விரலும் ஆளுக்கொரு ஃப்ரெட் (நெக் எனும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு இடையிலுள்ள கட்டம்) என்று விரிந்து நிற்பதைத்தான் 'ஸ்ட்ரெட்ச்' என்கிறோம். 648 மி.மீ. ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்) உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ.; 13-ஆவதில் அதில் பாதி, 18 தான். அதனால் 7-ஆவது ஃப்ரெட்டில் பழகத் தொடங்கி, சுலபமானதும் ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம், அதாவது முதல் ஃப்ரெட்டை நோக்கி, நகருங்கள்.

சரி, அப்போதும் எட்டவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி கட்டைவிரல். அது நெக்குக்கு மேலே எட்டிப் பார்த்தால் உள்ளங்கை மூடிக்கொள்ளும். விளக்குமாற்றை இறுகப் பிடித்தபடி சாண் அளக்க முடியுமா? கட்டைவிரலை நெக்கின் பின்பக்கம், நடுவிரலுக்கு நேராக இறக்குங்கள். சுண்டுவிரலை முதலில் வைத்துவிட்டு ஆள்காட்டியைத் தலைப்பக்கமாக நீட்டுங்கள். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

'என் கை சின்னது, வராது' என்பார்கள். பல இடங்களில் எல்லா விரலையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டிருக்கத் தேவையே இல்லை, கையை நகர்த்திக்கொள்ளலாம்.