புதுக் காருக்கு எக்ஸ்டென்டட் வொரண்டி எடுக்கலாமா?

கேள்வி: நான் ஒட்டுசுட்டானில் ஆசிரியை. கணவர் வயல் செய்கிறார். முதல்முறையாகப் புதுக் கார் ஒன்று லீசிங்கில் எடுக்கிறோம், 1000 சீசீ. கொம்பனி வொரண்டி 3 வருடம் அல்லது 100,000 கிலோமீட்டர். அதற்குப் பிறகு இன்னும் 2 வருடத்துக்கு எக்ஸ்டென்டட் வொரண்டி, 285,000 ரூபாய் என்கிறார்கள். கையிலிருந்து தரத் தேவையில்லை, 5 வருட லீசிங்கோடு சேர்த்துவிடலாமாம். வட்டி 15 வீதம். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணாவும் "அங்க எல்லாரும் எடுக்கிறவை, நீயும் எடு" என்கிறார். திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வேண்டும். எடுக்கலாமா?

பதில்: ரீச்சர், எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

285,000 ரூபாயை 15 வீத வட்டியில் 60 மாதத் தவணையாக்கினால் மாதம் ஏறக்குறைய 6,780 ரூபாய் வரும். 5 வருடத்தில் கட்டி முடிப்பது 406,800. விலை 285,000 என்று சொன்னவர் இந்தத் தொகையைச் சொல்லியிருக்க மாட்டார். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. முதல் 3 வருடமும் கொம்பனி வொரண்டியே காரைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் வாங்கும் தாள் 37ஆம் மாதத்தில்தான் உயிர் பெறும். அதற்கு முன்பே 36 தவணையில் 244,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், ஒரு திருத்த வேலைக்குக்கூடப் பயன்படாத காசு.

அதே 6,780 ரூபாயை மாதாமாதம் தனியான சேமிப்புக் கணக்கில் போடுங்கள். சீட்டுக் கட்டுவது போல, தவறவே விடக்கூடாது. கொம்பனி வொரண்டி முடிகிற நாளில் அதே 244,000 வட்டியோடு உங்கள் கையில் இருக்கும். பெரிய செலவு வராவிட்டால் காசு உங்களுடையது. தாளில் கட்டிய காசு அப்படித் திரும்பாது. கார் பிழைவிட்டால் நகையை அடைவு வைக்க நேருமோ என்ற பயத்தில்தான் பலர் இதை எடுக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முதல் 3 வருடம் உங்களுக்குக் காவல் இருக்கிறது, அதற்குள் சேமிப்பு வளர்ந்துவிடும்.

இனி, நம் பக்கத்தில் கார் எதனால் படுக்கிறது என்று பாருங்கள். ஏ9 வீதியில் மட்டும் ஓடும் கார் அல்ல உங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் கிறவல் ரோட்டில் ஓடப் போகிறது. அங்கே முதலில் போவது ஷொக் அப்சோபர், புஷ், போல் ஜொயின்ட், ரயர், பிறேக் பாட். இவற்றைத் தேய்மானம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஒதுக்கிவிடும். காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் விறாந்தையில் அடுக்கியிருக்கும் வீடுகளில் எலி வராமல் இருக்குமா? இரவில் சூடாக இருக்கும் எஞ்சினுக்குள் ஏறி வயரைக் கடித்துவிடும். காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது, பொனெட்டைத் திறந்தால் பிளாஸ்ரிக் உறை உரிந்து செம்புக் கம்பி தெரியும். வொரண்டியில் இதற்கு இடமில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது காப்புறுதிக்காரர் பார்க்க வேண்டிய விஷயம். யானை அடித்தாலும் அப்படியே. ஆகவே வாகனக் காப்புறுதியில் இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலதிகமாகக் கொஞ்சம் கட்டச் சொன்னாலும் கட்டுங்கள். நம் ஊருக்கு அந்தக் காசுதான் தேவையான காசு.

என் முதல் காருக்கு நானும் எக்ஸ்டென்டட் வொரண்டி எடுத்தவன். நான்காம் வருடம், சித்திரை வெயிலில், கனகராயன்குளம் தாண்டும்போது ஏசி கொம்பிரசர் நின்றது. தாள் இருக்கிறதுதானே என்று நிம்மதியாகத்தான் போனேன். சேர்விஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். 35,000 கிலோமீட்டருக்கான கட்டத்தில் முத்திரை இல்லை. அந்த மாதம் அப்பா ஆஸ்பத்திரியில். வவுனியாவிலுள்ள, கொம்பனி அங்கீகரித்த கராஜுக்குக் கொண்டுபோக நேரமில்லாமல், கிளிநொச்சியில் எனக்கு நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் நல்ல ஒயில் போட்டுச் செய்வித்தேன். பற்றுச்சீட்டும் கையில் இருந்தது. ஒயிலுக்கும் கொம்பிரசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "முத்திரை இல்லை, சேர்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. முழுச் செலவும் நான்தான் கட்டினேன். அந்த வெற்றுக் கட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்களுக்கும் இதே நிலைதான் வரும். அங்கீகரித்த இடத்தில் மட்டும் சேர்விஸ் என்றால், ஒவ்வொரு முறையும் நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா போய் வர ஒரு நாள் லீவு போகும். கொம்பனி வொரண்டி இருக்கும் 3 வருடமும் அந்தச் சிரமத்தைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும், ஒரு முத்திரையும் தவறவிடாதீர்கள். அதற்கு மேலும் 2 வருடம் காசு கொடுத்து அந்தக் கட்டுப்பாட்டை நீடிப்பானேன்?

அண்ணா சொல்வதிலும் பிழையில்லை, அவர் இருக்கும் இடம் வேறு. அமெரிக்காவில் 1975இல் வந்த மக்னசன்-மொஸ் சட்டத்தின்படி, "எங்கள் கராஜில் காசு கொடுத்துச் சேர்விஸ் செய்தால்தான் வொரண்டி" என்று கார்க் கொம்பனி கட்டிப்போட முடியாது. இங்கே ஒப்பந்தத்தில் உள்ளதுதான் நமக்குச் சட்டம் என்று நினைத்துக் கையெழுத்து வையுங்கள். அமெரிக்காவிலும் எல்லாம் நல்லபடி நடக்கவில்லை. இப்படியான ஒப்பந்தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்ற யூ.எஸ். பிடெலிஸ் என்ற கொம்பனி 2010இல் வங்குரோத்தானது. தாளின் பின்னால் நிற்பது யார், கார் செய்தவரா, விற்பவரா, மூன்றாம் ஆளா என்பதைக் கேட்காமல் யாரும் காசு கட்டக்கூடாது.

எடுங்கள் என்று நான் சொல்லக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார், ஹயருக்கு ஓடி அதில்தான் குடும்பம் சாப்பிடுகிறது, கையில் சேமிப்பும் இல்லை, ஒப்பந்தத்தில் ஹைபிரிட் பற்றரி பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, தருவது கார் செய்த கொம்பனி என்றால் யோசிக்கலாம். அப்போதும் லீசிங்கோடு சேர்க்காமல் ரொக்கமாகக் கட்டுங்கள். ஜப்பான் றீகண்டிசன் கார் எடுப்பவர்கள் இந்தக் காசில் காரின் நிலையைக் குறித்திருக்கும் ஜப்பான் ஏலத் தாளைச் சரிபார்த்து, ஸ்கேனர் போட்டு, பற்றரியையும் சோதிப்பித்து வாங்குவது நல்லது.

விற்பனையாளர் "இன்றைக்கு விட்டால் கிடைக்காது" என்று சொல்லக்கூடும். கொம்பனி வொரண்டி முடிவதற்கு முன் எப்போது வரை எடுக்கலாம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பின்னர் எடுக்கலாம் என்றால் 34ஆம் மாதத்தில் கார் எப்படி ஓடுகிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம், அதற்கான காசில் பெரும்பகுதியும் அப்போது கணக்கில் இருக்கும். திங்கட்கிழமை போகும்போது அந்த 285,000 ரூபாயைக் கழித்த புதுத் தவணை அட்டவணையை அடித்துத் தரச் சொல்லுங்கள். கணவரும் நீங்களுமாக அதை வாசித்துப் பார்த்த பிறகு பேனையை எடுங்கள்.